கதிரை போகாத ஒழுங்கை

எங்கள் ஊரில் எதைச் செய்யத் தொடங்கினாலும் முதலில் கதிரையைப் பற்றித்தான் பேச்சு வரும். கூட்டம் எதற்கு, யார் வருவார்கள், வந்து என்ன செய்யப்போகிறோம் என்பதெல்லாம் பிறகு. "அப்ப கதிரைக்கு என்ன செய்யிற?" என்று யாராவது ஒருவர் தொடங்கிவைப்பார். அவ்வளவுதான். கோயில் கதிரைகளை யாரோ கலியாண வீட்டுக்குக் கொண்டுபோனதும், அவை கால் உடைந்து திரும்பி வந்ததும், வாசிகசாலைக்காரர் இரவல் தராததும், ஏறாவூரில் வாடகைக்கு எடுத்தால் ஏற்றி இறக்க ஆள் இல்லாததும் என்று பேச்சு நீளும். கேட்டுக் கேட்டு, இப்போது வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையைக் கண்டாலே எனக்குப் பிறசர் ஏறுகிறது.

கோயிலில் இருந்து வாவிக்கரை வரை எங்களுக்கு ஒரே ஒழுங்கைதான். மேல்முனையில் மாதா கோயில். நடுவில் என் சித்தப்பாவின் பழைய வீடு. சித்தப்பா குடும்பத்தோடு கனடா போகும்போது திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்ற நான், என்னோடு படிப்பித்த இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, சனிக்கிழமை பின்னேரங்களில் அந்த வீட்டைத் திறந்துவைக்கத் தொடங்கினேன். விருப்பமானவர்கள் வந்து படம் கீறலாம், துணியில் தைக்கலாம், களிமண் பிசையலாம், பாட்டு வந்தால் பாடலாம். பெயர்ப்பலகை ஒன்றும் நாங்கள் போடவில்லை. ஊரே அதற்குப் 'படம் கீறுற வீடு' என்று பெயர் வைத்துவிட்டது.

தொடக்க நாட்களில் வந்தவர்கள் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. "எந்த நிறுவனம் செய்யிது, டீச்சர்?" ஒரு நிறுவனமும் இல்லை. "அப்ப சாப்பாட்டுப் பார்சல்?" அதுவும் இல்லை. "சைன் எங்க வைக்கிற?" சைன் எதற்கு, நீங்கள் வந்தது எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறதே என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சுனாமிக்குப் பிறகும் சண்டைக்குப் பிறகும் எங்கள் சனத்தை அப்படித்தான் பழக்கிவைத்திருக்கிறார்கள். வெளியில் இருந்து வந்த ஒருவர் பலகையில் அம்புக்குறி போட்டுப் பேசுவார், நாங்கள் தலையாட்டுவோம், மத்தியானம் பார்சல் வரும், கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். எங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்த காலம் அது.

நான் பாய் விரித்து வைத்தேன். வந்தவர்கள் பாயைச் சுற்றி நின்றார்கள். "கதிரை இல்லயா டீச்சர்?" கடைசியில் நானும் தோற்றுப்போய்க் கோயிலில் கதிரை கேட்டேன். அவர்களும் சந்தோசமாகத் தந்தார்கள், ஏனென்றால் கோயில் மண்டபத்துக் கூரை ஒழுகத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு வந்த கதிரைகள் திரும்பிப் போகவில்லை. என் சித்தப்பா வீட்டு விறாந்தை கோயில் கதிரைகளின் களஞ்சியமாகிவிட்டது. கோயிலில் ஏதாவது நடந்தால் என் படலையைத் திறந்து எடுத்துக்கொண்டு போவார்கள், முடிந்ததும் கொண்டுவந்து அடுக்குவார்கள். இன்னொரு திறப்பு அவர்களிடம் எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கதிரையும் கேட்காமல் பார்சலும் கேட்காமல் வந்த ஒரே ஆள், ஒழுங்கைக் கடைசி வீட்டுக்காரி. வந்தாள், செருப்பைக் கழற்றினாள், பாயில் இருந்தாள். கையோடு ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தாள்.

அவளை எனக்குச் சின்ன வயதில் இருந்தே தெரியும், நான் படிப்பித்த பிள்ளைதான். கன காலம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். அந்த உழைப்பில் கட்டியதுதான் வாவியில் முட்டுகிற இடத்தில் இருக்கிற அந்த வீடு. அவள் அங்கே இருந்தபோது புருசன் இன்னொருத்தியோடு போய்விட்டான். ஊர் அதற்கும் அவளைத்தான் கதைத்தது. வெளிநாடு போய் வந்த பெண்களைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைக்கிற கதை தெரியும்தானே. சந்தியில் கண்டால் சிரிப்பார்கள். அவள் தம்பி தோணியில் பிடித்துக்கொண்டுவருகிற மீனையும் இறாலையும் அவளிடமே விலை பேசி வாங்குவார்கள். ஆனால் அவள் வீட்டுப் படலையைத் தாண்டமாட்டார்கள். அவள் வீட்டில் தேத்தண்ணி குடித்தேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் குடித்திருக்கிறேன். ஏலக்காய் தட்டிப்போட்டு, கடும் சாயத்தோடு, குவைத்தில் பழகிய கைப்பதத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

"என்ன தைக்கப் போறாய்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"மேசைக்கு அக்கா. ஒக்டோபர்ல மாதா எங்கட வீட்ட வருவாதானே. அவ நிக்கிற மேசைக்கு."

படிப்பிக்கும்போது டீச்சர் என்றவள், குவைத்தில் இருந்து வந்த பிறகு என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். அந்த மாதம் கோயிலில் இருந்து ஒரு மாதா சுருவம், சின்னச் சிலைதான், வெளிக்கிட்டு வீடு வீடாகப் போகும். பின்னேரம் எல்லாரும் கூடிப் பாட்டோடு அதை ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவோம். அந்த வீட்டுக்காரிதான் மெழுகுதிரி கொளுத்தவேண்டும், முதல் செபத்தை அவள்தான் தொடங்கவேண்டும். முடிந்ததும் கடலையும் தேத்தண்ணியும் தருவார்கள். அன்றிரவு மாதா அந்த வீட்டிலேயே தங்குவா. மறுநாள் பின்னேரம் அடுத்த வீட்டுக்காரர் சனத்தோடு அங்கே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். பணக்கார வீடு, ஏழை வீடு என்று பார்க்காமல் வரிசையாகப் போகவேண்டும் என்பதுதான் முறை. அவள் வீட்டுக்கு மட்டும் அதுவரை போனதில்லை. "கூரை போடட்டும்" என்றார்கள். கூரை போட்டாள். "கதவு நிலை வைக்கட்டும்" என்றார்கள். வைத்தாள். இந்த வருடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை, அவளுக்கு ஒரு நாள் கிடைத்தது.

அதற்காகத்தான் சனிக்கிழமை தவறாமல் வந்து தைத்தாள். மேசைவிரிப்பு என்றால் நாங்கள் பூவும் சிலுவையும் போடுவோம். அவள் எங்கள் ஒழுங்கையைத் தைத்தாள். கோயில் மணியில் தொடங்கி, மதில்கள், வேலிகள், படுத்துக் கிடக்கிற நாய், தண்ணீர் தேங்கி நிற்கிற குழி, குழிக்குள் ஒரு நண்டு, கடைசியில் வாவியும் அவள் வீடும்.

"குழியையுமா தைக்கிற?" என்று சிரித்தேன்.

"அதால மிதிச்சுத்தானே அக்கா அவ வரோணும். தெரிஞ்சிருக்கட்டும்."

இந்த வருடம் மழை முந்திக்கொண்டது. அவளுடைய நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் வட்டாரக் கூட்டம் நடந்தது. எங்கள் வட்டாரத் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். சாவு வீடு என்றால் முதல் ஆளாக நிற்பார், சவப்பெட்டிக்குத் தோள் கொடுப்பார். எல்லாருக்காகவும் தானே யோசித்துத் தானே முடிவெடுத்துவிடுவார், அதுதான் அவரோடு உள்ள கரைச்சல்.

"அந்த ஒழுங்கைக் கடைசியெல்லாம் தண்ணி," என்றார். "லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் இறங்காது. கதிரை எப்பிடிப் போற?"

"பாய் விரிச்சு இருப்பம்," என்றேன்.

"எல்லாரும் உங்களப் போலயா டீச்சர்? மிஸி எப்பிடி நிலத்தில இரிப்பா? அவட முழங்கால் தெரியும்தானே?"

மிஸி என்பது எங்கள் பாடகர் குழுவில் பாடுகிற ஓய்வுபெற்ற தாதி. கோயில் கூட்டங்களில் கதிரைக்கு நியாயம் தேவைப்படும் போதெல்லாம் அவருடைய முழங்கால்தான் முன்னுக்கு வரும். அவர் அந்த நேரம் உள்ளே பாட்டுப் புத்தகம் அடுக்கிக்கொண்டு நின்றார்.

சுவாமி கையில் ஹெல்மெட்டோடு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு மாங்கேணிப் பக்கம் இன்னொரு பூசைக்கு நேரமாகியிருந்தது. "ஆக்களுக்கு வசதியாப் பாத்துச் செய்யுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அப்ப டீச்சர்ட படம் கீறுற வீட்ட வைப்பம்," என்றார் தலைவர். "கதிரையும் அங்கதானே கிடக்கு. ஃபேனும் இரிக்கு. அவள்ட பேர்லயே வைப்பம், உபயம் அவள்தான். அவளுக்கும் சுகம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுத் திறப்பை வைத்திருக்கிற என்னைக் கேட்கவில்லை. முறைக்காரியையும் கேட்கவில்லை. அவள் காலைப் பூசை கண்டுவிட்டுச் சந்தியில் மீன் விற்கப் போயிருந்தாள்.

"அவளிட்டக் கேக்காம எப்பிடி?" என்றேன்.

"நான் சொல்லுறன் டீச்சர். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

கேட்கிறதற்கும் சொல்கிறதற்கும் வித்தியாசம் தெரியாத மனிதரோடு கோயில் வாசலில் நின்று என்னத்தைக் கதைக்க? நான் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்கே உன்னிச்சையில் மச்சாள் விழுந்துவிட்டா என்று அறிவித்தல் வர, அவசரமாகப் போகவேண்டியதாயிற்று. அங்கிருந்து கடைசி வீட்டுக்காரிக்கு எத்தனையோ தரம் போன் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. வட்டாரத்து வட்சப்பில் தலைவரின் செய்தி வந்தது: மழை காரணமாக இந்த உபயம் படம் கீறுற வீட்டில் நடைபெறும். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அவளுடைய கும்பிட்ட கையை மட்டும் காணவில்லை.

அவளுடைய நாளன்று பின்னேரம் நான் பஸ்ஸில் வந்து இறங்கும்போது மாதா ஏற்கெனவே என் விறாந்தையில் நின்றா. கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நாங்கள் கீறிய படங்கள் இருந்த சுவரில் கயிறு கட்டி, வண்ணத் தாள் தொங்கவிட்டிருந்தார்கள். காயவைத்திருந்த களிமண் பானைகளை ஒரு மூலைக்குத் தள்ளியிருந்தார்கள், அதில் ஒன்று உடைந்தும் கிடந்தது. மேசையில் கடையில் வாங்கிய லேஸ் விரிப்பு. எல்லாரும் வந்திருந்தார்கள், அவளைத் தவிர.

காத்திருந்தோம். ஃபேன் சுற்றியது. பாடகர் குழு இருந்த பாட்டை எல்லாம் பாடித் தீர்த்தது. தலைவர் போனைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். வீட்டுக்காரி வந்து திரி கொளுத்தாமல் தொடங்க முடியாது.

"இனி என்ன செய்யிற? டீச்சர், நீங்களே கொளுத்துங்க. வீட்டுக்காரி நீங்கதானே."

"வீடு என்டதான். முறை அவள்ட," என்றேன். "இருங்க, நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். கடைசிப் பக்கம் கணுக்காலைத் தாண்டித் தண்ணீர் நின்றது. அவ்வளவுதான். முழங்காலுக்குக்கூட வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையும் பின்னேரமும் நடக்கிற தண்ணீர். இதைக் கடலைப் போலக் கதைத்தார்களே என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் ஏறியது.

அவள் வீட்டுப் படலையைத் திறந்ததும் நின்றுவிட்டேன். முற்றத்தில் தறப்பாள் கட்டியிருந்தது. அதற்குக் கீழே வரிசை வரிசையாகக் கதிரை. புத்தம்புதுச் சிவப்புக் கதிரைகள். ஒவ்வொன்றையும் துடைத்து, மேசையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். மேசையில் அவள் தைத்த விரிப்பு. அதன் நடுவில் ஒன்றும் இல்லை. கொளுத்தாத மெழுகுதிரி ஒன்று பக்கத்தில் நின்றது. குசினியில் இருந்து அவித்த கடலைக்குத் தாளித்த வாசம் வந்தது. நல்ல சீலை உடுத்துக்கொண்டு, முதல் வரிசையின் கரைக் கதிரையில் அவள் தனியாக இருந்தாள். தம்பி படியில் குந்தியிருந்தான்.

"இரிங்க அக்கா," என்றாள். "கதிரை இரிக்கு."

"இதெல்லாம் எப்பிடி வந்த?"

"தோணியில. தம்பிதான் அங்கால் கரையில இருந்து ரெண்டு மூணு தரம் ஏத்திக்கொண்டு வந்தவன். எங்கட ஆக்கள் கதிரை இல்லாட்டி வரமாட்டாங்கதானே."

அவள் வீட்டுப் பின்பக்கம் வாவி. வாசலால் வராதது பின்பக்கத்தால் வரும். வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த எங்கள் ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை, எனக்கும் வரவில்லை. எல்லாரும் லாண்ட்மாஸ்டரையே பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இரவலா?"

"வாங்கினது. இனி ஆரிட்டயும் இரவல் கேக்கேலாது அக்கா எனக்கு."

"இதைத் தலைவரிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேகா."

"சொல்லத்தான் போனன். வாயைத் திறக்க விடல்ல. நீ ஒண்டுக்கும் யோசிக்காத, எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன் எண்டார். மறுகா பாத்தா போன்ல வந்திட்டு."

"சரி, இப்ப வா. உனக்காகத்தான் எல்லாரும் பாத்துக்கொண்டு இரிக்காங்க."

"எனக்காக எண்டா இஞ்சதானே இரிப்பாங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "அக்கா, உங்கட வீட்ட நான் எந்த நாளும் வாறன். நான் அங்க வாறதில ஆருக்கும் பிரச்சின இல்ல. அவங்க என்ட வீட்ட வரோணும். வந்து இரிக்கோணும், ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்கோணும். அதுக்குத்தான் நான் இவ்வளவு நாளும் இருந்த."

தண்ணீருக்குள் விசுக்கு விசுக்கென்று திரும்பி நடந்தேன். எல்லாரையும் எழுப்பி இங்கே கொண்டுவருகிறேனா இல்லையா பார் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி ஒழுங்கையில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. தொடங்கிவிட்டார்கள். தலைவரின் மனைவி திரி கொளுத்தி, முதல் செபத்தையும் சொல்லி முடித்திருந்தா. செபமாலை நடக்கும்போது இடையில் புகுந்து சண்டை பிடிக்க முடியுமா? ஈரக்காலோடு வாசலில் நின்றேன். என் வாய் செபம் சொன்னது. மனதில் வந்தது எல்லாம் செபம் என்று சொல்ல முடியாது.

முடிந்ததும் நன்றியுரை. எங்கள் ஊரில் நன்றியுரை இல்லாமல் மாதாகூட வீட்டுக்குப் போகமுடியாது. தலைவர் மைக்கைப் பிடித்தார். "இன்றைய உபயகாரர் சுகமில்லாதபடியால் வரமுடியாமல் போய்விட்டது. அவருக்காகவும் மன்றாடுவோம்," என்றார்.

சுகமில்லையாம். கடலை தாளித்து வைத்துக்கொண்டு இருக்கிறவளுக்குச் சுகமில்லையாம். நான் அவரிடம் போய், அவள் நன்றாக இருக்கிறாள், கதிரையும் இருக்கிறது, இப்போதே எல்லாரும் போவோம் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சனம் இருட்ட முதல் போகோணும் டீச்சர். எல்லாம் வடிவா முடிஞ்சிது, இனிக் குழப்பாதீங்க. மாதா இஞ்சயே இரிக்கட்டும். நாளைக்கு என்ட வீடுதானே, வந்து எடுக்கிறன். நீங்க கவனமாப் பூட்டிட்டுப் போங்க."

பிஸ்கட்டும் தேத்தண்ணியும் ஓடி முடிந்தது. சனம் கலைந்தது. ஆள் இல்லாத வீட்டில், உடைந்த பானைக்கும் அடுக்கிய கதிரைக்கும் நடுவில் மாதாவை வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்காரியோடு ஓர் இரவு தங்கத்தானே அவ வந்தவ?

மிஸி மட்டும் போகவில்லை. குடையைத் தேடிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். தாதியாக இருந்தவர், வருத்தம் என்றால் விடமாட்டார்.

நடந்ததை எல்லாம் கொட்டினேன். அவருடைய முழங்காலைச் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது என்பதையும் சேர்த்தே சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் எனக்கு ஒருவரிலும் இரக்கம் வரவில்லை.

"என்ட முழங்காலா?" மிஸி குடையை நிலத்தில் ஊன்றினார். "என்னை ஆர் கேட்ட? நேத்துக்கூடச் சந்தைக்கு நடந்துதானே போனன்." மாதாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தூக்கு," என்றார்.

சுருவம் பெரிது இல்லை, ஆனால் நல்ல பாரம். குழந்தையை இடுப்பில் வைப்பது போல வைத்துக்கொண்டேன். மிஸி சீலையைத் தூக்கிச் செருகி, ஒரு கையால் என் தோளைப் பிடித்து, மறுகையால் குடையை மாதாவுக்குப் பிடித்தார். நானும் அவரும் நனைந்தோம். வழி முழுக்க ஏச்சுத்தான். தலைவருக்கு ஏச்சு, குழிக்கு ஏச்சு, மெதுவாக நடக்கச் சொல்லி எனக்கும் ஏச்சு. பாட்டு இல்லை, மணி இல்லை. மாதா அப்படி ஒரு பவனி போயிருக்கமாட்டா.

அவள் எங்களைக் கண்டு எழும்பினாள். என் கையில் இருந்து சுருவத்தை வாங்கி, முந்தானையால் துடைத்து, விரிப்பின் நடுவில் வைத்தாள். திரி கொளுத்தினாள். முதல் செபத்தைத் தொடங்கினாள். அவள், தம்பி, மிஸி, நான். எங்களுக்குப் பின்னால் சிவப்புக் கதிரைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. பதில் செபம் சொல்லும்போது எங்கள் சத்தம் மெல்லியதாக இருந்தது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மிஸி கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்தார். கோப்பையை நீட்டி, "இன்னும் ஒள்ளுப்பம் ஊத்து," என்றார்.

அவள் ஊற்றினாள். பிறகு பெரிய கடலைச் சட்டியைப் பார்த்தபடி சொன்னாள்: "மாதா வந்திட்டா. சனம்தான் வரல்ல."

"நாளைக்கு வருவாங்க," என்றேன்.

"எப்பிடி வருவாங்க?"

"மாதாவை எடுக்க வரத்தானே வேணும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு முதல்தரம் சிரித்தாள்.

மறுநாள் காலையில் நானே வட்சப்பில் போட்டேன்: மாதா ஒழுங்கைக் கடைசி வீட்டில் இருக்கிறா, பின்னேரம் எல்லாரும் அங்கே கூடவும். உடனே தலைவரின் அழைப்பு வந்தது.

"ஆரைக் கேட்டு எடுத்தீங்க டீச்சர்?"

"ஆரைக் கேட்டு என்ட வீட்ட வைச்சீங்க?"

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"அங்க தண்ணியல்லோ," என்றார் கடைசியில்.

"கணுக்கால் தண்ணி. மிஸியே நடந்தவ."

பின்னேரம் வந்தார்கள். வராமல் என்ன செய்வது, அடுத்த வீடு தலைவருடையது, மாதாவோ இங்கே. செருப்புகளைக் கையில் தூக்கி, சீலையை உயர்த்திப் பிடித்து, முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். தலைவர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு முன்னுக்கு நடந்தார். படலைக்குள் வந்ததும் எல்லாரும் என்னைப் போலவே நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இருந்தார்கள். அவள் புதிதாகக் கடலை அவித்திருந்தாள். கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வரிசை வரிசையாக வந்தாள்.

எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நிறையப் பேர் குடித்தார்கள். சிலர் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் அங்கால் திரும்பியதும் மெதுவாகக் கதிரைக்குக் கீழே வைத்தார்கள். அதை நான் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள். தலைவர் முழுக்கக் குடித்தார். கதிரையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

"நல்ல பலமான கதிரை," என்றார். முந்தின நாளைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். அடுத்த ஞாயிறு பூசை முடிவில் தலைவர் அறிவித்தல் வாசிக்க மைக்குக்கு முன்னால் வந்தார். ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில் பூசை, சனம் கூட வரும் என்று தொடங்கினார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"கோயில் கதிரை காணாது. ஆனா ஒழுங்கைக் கடைசி வீட்டில நல்ல கதிரை கொஞ்சம் இரிக்கு. தண்ணி வத்தினதும் லாண்ட்மாஸ்டரை அனுப்பி அதையும் எடுப்பம்."

எழும்பினேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது.

"கேட்டாத் தருவன், ஐயா."

கடைசி வாங்குக்குப் பின்னால், வாசலோடு ஒட்டி, அவள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். மீன் விற்கப் போகவேண்டிய நேரம், கூடை காலடியில் இருந்தது. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கோயிலில் அவள் குரலை ஒருவரும் தனியாகக் கேட்டதில்லை. தலைவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நிசமாகவே ஆச்சரியம்தான் இருந்தது, இதைக் கேட்கவும் வேண்டுமா என்பதுபோல. முன் வாங்கில் இருந்து மிஸி செருமினார்.

"தருவியா மகள்?" என்று கேட்டார் தலைவர். மைக்கை மூட மறந்துபோனதால் அது ஒழுங்கைக் கடைசி வரை கேட்டிருக்கும்.

அவள் குனிந்து கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வீட்ட வந்து கேளுங்க, ஐயா," என்றாள்.